வகுப்பறைக்கு எத்தனை புள்ளி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆசிரியப் பயிற்சி என்றதும் நினைவுக்கு வரும் ஊர் கோப்பாய். அங்கே இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று பழைய ஆசிரியர் கலாசாலை. மற்றது யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டின் வேலையும் ஆசிரியர்களை உருவாக்குவதுதான். ஆனால் உள்ளே வருபவர் வேறு, வெளியே போகும்போது கையில் கிடைக்கும் தாளும் வேறு. கல்வியியற் கல்லூரிக்குள் நுழைபவர் க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து பெறுபேற்றுக்காகவும் வர்த்தமானி அறிவித்தலுக்காகவும் காத்திருந்த இளையவர். இன்னும் ஒரு வகுப்பையும் கற்பித்தறியாதவர். கலாசாலைக்குள் நுழைபவர் ஏற்கெனவே நியமனம் பெற்று, சிலவேளை பல ஆண்டுகள் கற்பித்தும் முடித்துவிட்டு, பயிற்சிச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் மீண்டும் மாணவராக வாங்கில் இருப்பவர்.

இந்த இரு சாராரையும் 'இனி நீங்கள் பயிற்றப்பட்ட ஆசிரியர்' என்று அறிவிப்பது எதை வைத்து? யார் அளந்து, எதற்குப் புள்ளியிட்டு, எந்த இடத்தில் கோடு கிழிக்கிறார்கள்? ஆசிரியர் பற்றாக்குறை, இடமாற்றம், சம்பள முரண்பாடு பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் முதலாம் தர வகுப்பில் யார் நிற்கப்போகிறார் என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

முதலில் கல்வியியற் கல்லூரியைப் பார்ப்போம். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தக் கல்லூரிகள், இலங்கையில் சேவைக்கு முந்திய ஆசிரியப் பயிற்சியின் முதுகெலும்பு. தெரிவு உயர்தரப் பரீட்சையின் இசற்-புள்ளியையும் நேர்முகத் தேர்வையும் வைத்து நடக்கிறது. பாடநெறி 3 ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. முடிவில் கிடைப்பது தேசிய கற்பித்தல் டிப்ளோமா.

புள்ளிகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கலைத்திட்டத்தை வகுப்பது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். எழுத்துமூல இறுதிப் பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். ஒப்படைகள், செயற்றிட்டங்கள், செய்முறைகள் ஆகியவற்றைத் தொடர் கணிப்பீடாகப் பார்ப்பவர்கள் கல்லூரி விரிவுரையாளர்கள். கற்பித்தற் பயிற்சியை வகுப்பின் பின்வரிசையில் இருந்து பார்ப்பவர்களும் அவர்களே. கட்டுறு பயிற்சி ஆண்டில் ஆசிரிய மாணவரை நாள்தோறும் காண்பவர்கள் பாடசாலையின் அதிபரும் வழிகாட்டி ஆசிரியரும். விரிவுரையாளர் இடையிடையே வந்து போவார். கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், கணிப்பீடும் மதிப்பீடும் போன்ற வாண்மைப் பாடங்கள், கற்பிக்கப்போகும் பாடம், மொழிகள், தகவல் தொழினுட்பம், இணைப்பாடவிதானச் செயற்பாடுகள், செயல்நிலை ஆய்வு என்று கணக்கெடுத்தால் ஒருவரின் பெறுபேற்றுத் தாளில் பல கைகளின் எழுத்து இருக்கும்.

இதில் நல்லதும் இருக்கிறது. ஒரே ஆளின் விருப்புவெறுப்பில் ஒருவரின் தொழில் தொங்குவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆசிரிய மாணவர் கற்பிப்பதை நெடுநாள் கண்ணால் கண்டவருக்கும், அவரது பெறுபேற்றை இறுதியில் எடைபோடுபவருக்கும் இடையே தூரம் அதிகம்.

கலாசாலையின் நிலை இன்னும் சிக்கலானது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வன்னியிலும் தீவகத்திலும் குடாநாட்டின் கரையோரக் கிராமங்களிலும் ஆசிரியர் இல்லாத வகுப்புகளைத் தொண்டர் ஆசிரியர்கள் தாங்கினார்கள். சிறு கொடுப்பனவுடனும் அதுவுமின்றியும் அவர்கள் கற்பித்தார்கள். பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியிலும் இருந்தார்கள். அப்படி நியமனம் பெற்றவர்கள் பயிற்சிக்காகக் கலாசாலைக்கு வரும்போது, நடுவயதில், பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, பரீட்சைத் திணைக்களம் நடத்தும் ஆசிரியர் கலாசாலை இறுதிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பத்து வருடம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவர் உளவியல் வினாத்தாளில் தடுக்கி விழுந்தால் அவர் பயிற்றப்படாத ஆசிரியராகவே நிற்பார். எதிர்ப்பக்கமும் நடக்கும். வினாத்தாளை நன்றாக எழுதும் ஒருவர், பத்து வருடமாகச் செய்துவந்த அதே பிழையான கற்பித்தலோடு சான்றிதழும் பெற்றுத் திரும்பிப் போகலாம்.

பட்டதாரிகளுக்கு இன்னொரு வாசல் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் வழங்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமா அது. பட்டம் மட்டும் வைத்திருப்பவர் ஆசிரியர் சேவையின் 3 ஆம் வகுப்பிலும், பட்டத்தோடு இந்த டிப்ளோமாவும் உடையவர் 2 ஆம் வகுப்பிலும் சேர்க்கப்படுவதால் அதற்குக் கேள்வி குறைவதே இல்லை. 2020 இல் நாடு முழுவதும் 50,000 அளவிலான பட்டதாரிகள் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டபோது அவர்களில் பெருந்தொகையினர் பாடசாலைகளுக்கே அனுப்பப்பட்டார்கள். பயிற்சி முன்னே, வகுப்பறை பின்னே என்ற ஒழுங்கு இந்த நாட்டில் ஒருபோதும் முழுமையாக நின்றதில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதை அறியப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

குடாநாட்டில் ஆசிரியப் பயிற்சி மிசனரிமாரோடு தொடங்குகிறது. அமெரிக்க மிசன் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, 1855 இல் மூடப்படும் வரை மிசனின் ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பியது. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைக்குப் போய்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராவதற்கு முன்பு, 1850களின் தொடக்கத்தில் கோப்பாயில் ஆசிரியராக இருந்தவர். அக்காலத்தில் ஆசிரியரின் தகுதியை நிறுவனத்தின் நற்சாட்சி தீர்மானித்தது. மிசனுக்குத் தெரிந்தவர், மிசன் நம்பியவர் ஆசிரியர் ஆனார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஊராரின் மதிப்பே சான்றிதழ்.

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவாகி, 1870 முதல் உதவி பெறும் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கத் தொடங்கியதும் காட்சி மாறியது. நன்கொடை பெறுபேற்றுக்கு ஏற்பக் கிடைத்தது. பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். சித்தியடைந்த பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று பாடசாலைக்குப் பணம் போகும். இது இலங்கையில் பிறந்த யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1862 இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டக்கோவையின் குடியேற்றநாட்டு வடிவம். இங்கிலாந்து அதை 1890களில் கைவிட்டது. இங்கே அதன் சாயல் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் தொடர்ந்தது.

இந்த முறை ஆசிரியருக்கு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பரிசோதகர் வரும் நாள்தான் அவரது ஆண்டின் மையம். அந்த நாளில் எந்தப் பந்தியை வாசிக்கச் சொல்வார், எந்த வகைக் கணக்கைக் கொடுப்பார் என்று தெரிந்த ஆசிரியர் கெட்டிக்கார ஆசிரியர். பிள்ளை விளங்கிக்கொண்டதா என்பதற்குப் பணம் இல்லை. பரீட்சைக்குக் கற்பிக்கும் பழக்கத்தை யாழ்ப்பாணத்தின் குணம் என்று சிலர் பெருமையாகவும் சிலர் குறையாகவும் சொல்வதுண்டு. எனக்கு அது குணமாகத் தெரியவில்லை. பணம் வந்த வழியே பழக்கமும் வந்தது.

பிறகு ஆசிரியரின் தராதரப் பத்திரமே நன்கொடைக்கும் சம்பளத்துக்கும் அளவுகோலாயிற்று. முதலாந்தரம், இரண்டாந்தரம் என்ற பகுப்பு சம்பளப் பட்டியலில் ஏறியது. 'முதலாந்தரப் பயிற்றப்பட்ட தமிழாசிரியர்' என்ற தொடரை இன்றும் பழைய நினைவு மலர்களில் காணலாம். இறந்தவரின் பெயருக்கு அடுத்த வரியில் அது இருக்கும். பயிற்சி பெற்றவர் என்பது ஊரில் ஒரு நிலை. கலியாணப் பேச்சில் ஒரு தகைமை. ஆங்கிலப் பாடசாலை ஆசிரியரை விடத் தமிழாசிரியருக்குச் சம்பளம் குறைவாக இருந்த காலத்தில், அந்தத் தராதரம் ஒன்றுதான் தமிழாசிரியரை வறுமையிலிருந்து ஒரு படி உயர்த்தியது.

அதனாலேயே அந்தத் தராதரத்தை யார் வழங்குவது என்பது பெரும் போராட்டமாயிற்று. பயிற்சிப் பாடசாலைகள் பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளின் கையில் இருந்தன. தெல்லிப்பழையில் அமெரிக்க மிசன், கோப்பாயிலும் நல்லூரிலும் புரட்டஸ்தாந்து சபைகள், கொழும்புத்துறையிலும் இளவாலையிலும் கத்தோலிக்கர் என்று இருந்தார்கள். சைவ வீட்டுப் பிள்ளை பயிற்றப்பட்ட ஆசிரியராக வேண்டுமானால் அந்த வாசலால்தான் போக வேண்டும். சைவப் பாடசாலையோ நன்கொடை பெறப் பயிற்றப்பட்ட ஆசிரியரைக் காட்ட வேண்டும். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலருக்குப் பாடசாலை நிறுவுவதே பெரிய வேலையாக இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கோ தராதரப் பத்திரம் உள்ள சைவ ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பெரிய வேலை. 1923 இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கமும், மக்கள் 'இந்து போட்' இராசரத்தினம் என்று அழைத்த சு. இராசரத்தினமும் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை எழுந்தது அதன் பயனாக. அது இருந்த தெருவுக்குக் கலாசாலை வீதி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கலாசாலையில் 1929 முதல் 1959 வரை விரிவுரையாளராக இருந்தவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. முப்பது ஆண்டுகளில் அவரிடம் தமிழ் கேட்டவர்கள் குடாநாட்டுப் பாடசாலைகள் எங்கும் பரவினார்கள். அவர்களின் தராதரப் பத்திரத்தில் தமிழுக்கு என்ன புள்ளி விழுந்தது என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பது மட்டும் அவர்களின் மாணவர் வாயில் இன்னும் இருக்கிறது. அதே காலத்தில், 1921 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம், பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று படிப்படியாகத் தானே பரீட்சை நடத்தியது. அரசுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் சமூகம் தானே வகுத்த ஒரு தரம் அது. அரசு நிர்ணயிப்பதே தரம் என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு அந்தத் துணிவு இன்று வியப்பூட்டுகிறது.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளை மட்டுமன்றிப் பயிற்சிக் கலாசாலைகளையும் அரசின் கீழ்க் கொண்டுவந்தது. சபைகளின் கலாசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது ஒன்றாக்கப்பட்டன. மத வாசல் போனது; அது நல்லதே. ஆனால் ஆசிரியரைச் சித்தியடையச் செய்யும் அதிகாரம் கொழும்புக்கு ஒரேயடியாக நகர்ந்ததும் அதே நேரத்தில்தான்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். கற்பித்தற் பயிற்சிக் காலம். மூன்றாம் தரம்; 40 நிமிடப் பாடவேளை; கணிதம். ஆசிரிய மாணவி இரவிரவாக டிமைத் தாளில் மாக்கர் பேனையால் எழுதிய விளக்கப்படம் கரும்பலகையின் ஓரத்தில் தொங்குகிறது. பாடக்குறிப்புக் கொப்பி விரிவுரையாளரின் கையில். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, படிமுறை என்று நிரல் நிரலாக அழகான எழுத்து. 42 இலிருந்து 17 ஐக் கழிக்கும் கணக்கு. ஒரு பிள்ளை விடையாக 35 எழுதியிருக்கிறது.

இந்த 35 பொருளற்ற பிழை அல்ல. ஒன்றினிடத்தில் 2 இலிருந்து 7 ஐக் கழிக்க முடியாதபோது, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே கழித்தல் என்று அந்தப் பிள்ளை ஒரு விதியைத் தானே ஆக்கிக்கொண்டிருக்கிறது. 7 இல் 2 போனால் 5. 4 இல் 1 போனால் 3. இதைக் கண்டுகொள்ளும் ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் குந்தி, பத்துப் பத்தாகக் கட்டிய நாலு ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் வைத்து, "இதிலிருந்து ஏழு ஈர்க்கு எனக்குத் தாருங்கோ பாப்பம்" என்று கேட்பார். பிள்ளை திகைத்து, பிறகு ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்புக்கு மூன்று நான்கு நிமிடம் வேண்டும். அதற்குள் வகுப்பின் பின்பக்கத்தில் இரைச்சல் எழும். பாடக்குறிப்பில் எழுதிய கடைசிப் படிமுறைக்கு நேரம் போதாது. மணி அடித்துவிடும்.

மதிப்பீட்டுப் படிவத்தில் பொதுவாக இருக்கும் தலைப்புகள்: பாட அறிமுகம், துணைச்சாதனப் பயன்பாடு, கரும்பலகை வேலை, குரல், வகுப்பறை முகாமை, நேர முகாமை, பாடமுடிவு. ஈர்க்குக் கட்டை அவிழ்க்க வைத்த ஆசிரிய மாணவிக்கு வகுப்பறை முகாமையில் குறைவு, நேர முகாமையில் குறைவு, பாடமுடிவு இல்லை. 35 க்குப் பிழை அடையாளம் போட்டு, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் பார்த்தெழுதச் செய்து, பாட்டோடு பாடத்தை முடித்தவருக்கு எல்லாக் கட்டத்திலும் நல்ல புள்ளி. அனுபவமுள்ள விரிவுரையாளர் இந்த வேறுபாட்டைக் காணாமல் இருக்க மாட்டார். பலர் பாடத்தின் பின் மரநிழலில் நிறுத்தி அதைப் பாராட்டியும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாராட்டை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லையென்றால் அது புள்ளியாக மாறாது. புள்ளியாக மாறாததை அடுத்த பாடத்தில் ஆசிரிய மாணவி விட்டுவிடுவார். புள்ளி எதற்கு விழுகிறது என்பதைப் பயில்பவர் வெகு விரைவில் கற்றுக்கொள்கிறார். விரிவுரையில் கேட்ட எல்லாவற்றையும் விட அந்தப் பாடம் ஆழமாகப் பதிகிறது.

'கணிப்பீடும் மதிப்பீடும்' என்ற பாடத்தில் ஆசிரிய மாணவர்கள் மதிப்பிடுவோரின் வழுக்களைப் படிக்கிறார்கள். எல்லாருக்கும் தாராளமாகப் புள்ளியிடும் வழு, யாரையும் மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் நடுவிலேயே நிறுத்தும் வழு, ஒரு நல்ல குணத்தைக் கண்டு மற்ற எல்லாவற்றையும் நல்லதாகக் காணும் ஒளிவட்ட விளைவு எனப் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். கற்பித்தற் பயிற்சியில் இந்த வழுக்கள் எல்லாம் அவர்கள் மீதே விழுகின்றன. ஒரு விரிவுரையாளர் பல பாடசாலைகளுக்கு ஓட வேண்டும். ஓரிரண்டு பாடவேளையே பார்க்க முடியும். வருகிற நாள் முன்பே தெரிந்திருக்கும். தெரியாத ஒருவரைத் தொழிலிலிருந்து தடுக்கும் அளவுக்குக் குறைந்த புள்ளி போட மனம் வராது. ஆகவே கற்பித்தலுக்குரிய புள்ளிகள் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவாய்க் குவிந்துவிடும் போக்கு உலகெங்கும் உள்ள பயிற்சி நிறுவனங்களில் காணப்படுவதுதான். அப்படிக் குவிந்தால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எழுத்துப் பரீட்சை மட்டுமே. கற்பித்தலுக்கு எத்தனை வீதம் ஒதுக்கினாலும் உண்மையில் தீர்மானிப்பது வினாத்தாள்தான்.

எண்களில் வைத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு; எந்தக் கல்லூரியின் விதியும் அல்ல. எழுத்துப் பரீட்சை, தொடர் கணிப்பீடு, கற்பித்தல் மூன்றுக்கும் சம பங்கு என்று கொள்வோம். ஒருவர் முறையே 78, 74, 38 பெறுகிறார். சராசரி 63. இன்னொருவர் 48, 55, 80 பெறுகிறார். சராசரி 61. கூட்டிச் சராசரி எடுக்கும் முறையில், கற்பிக்கத் தெரியாதவர் கற்பிக்கத் தெரிந்தவருக்கு மேலே நிற்கிறார். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யலாம் என்று விட்டால் இதுதான் நடக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே சித்தியடைய வேண்டும் என்றால் முதலாமவர் இன்னொரு தவணை வகுப்பறையில் இருந்து பழக வேண்டும். மருத்துவ பீடத்தில் இறுதிப் பரீட்சையில் முதலாவதாக வந்தவரும் உள்ளகப் பயிற்சியை நிறைவு செய்யாமல் முழுமையாகப் பதிவுபெற்ற மருத்துவராக முடியாது. நோயாளியைத் தொடுவதற்கு நாம் கேட்கும் உறுதியை, ஆறு வயதுப் பிள்ளையின் கையில் முதன்முதல் பென்சிலைக் கொடுப்பவரிடமும் கேட்பது மிகை அல்ல.

எழுத்துப் பரீட்சையின் மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை இவ்வளவோடு தள்ளிவிட முடியாது. அதற்குக் காரணம் உண்டு. விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே இருக்கிறது. யாருடைய மகள், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கட்சிக்காரருக்குத் தெரிந்தவர் என்று திருத்துபவருக்குத் தெரியாது. சாதியின் பெயரால் பாடசாலை வாசலிலேயே பிள்ளைகளைத் தடுத்த வரலாறு உள்ள குடாநாட்டில், முகம் தெரியாத பரீட்சை பலருக்கு ஒரே பாதுகாப்பாக இருந்தது. இன்னொரு காயமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் வந்த தரப்படுத்தல், எடுத்த புள்ளியை வேறொரு கை மாற்றி எழுதலாம் என்ற அச்சத்தை ஒரு தலைமுறையின் மனதில் ஆழப் பதித்துவிட்டது. புள்ளி என்பது இங்கே வெறும் எண் அல்ல, உரிமை. 'அதிபரும் வழிகாட்டி ஆசிரியரும் தரும் மதிப்பீட்டுக்குக் கூடிய நிறை கொடுங்கள்' என்று நான் எழுதினால், 'செல்வாக்கு உள்ளவனுக்குத்தானே அது விழும்' என்று திருப்பிக் கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில், பார்ப்பதைக் கைவிடுவதல்ல. பார்ப்பவர்களை ஒருவருக்கு மேற்பட்டவர்களாக்கி, பார்த்ததை எழுத்தில் வைக்கச் செய்வது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் வெவ்வேறு நாளில் அதே ஆசிரிய மாணவரைப் பார்க்கலாம். இரு புள்ளிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் மூன்றாமவர் பார்க்கலாம். உயர்தர விடைத்தாள் திருத்தத்தில் இரண்டாம் கையின் சரிபார்ப்பை ஏற்றுக்கொள்ளும் நாம், கற்பித்தலுக்கு ஒரு கையே போதும் என்று ஏன் இருக்க வேண்டும்?

வெளியே எப்படி என்று சற்றுப் பார்க்கலாம். இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகள், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் பாடங்களுக்கு 80 வீத வரவையும் பாடசாலைப் பயிற்சிக்கு 90 வீத வரவையும் கட்டாயமாக்கின. வகுப்பறைக்குக் கூடுதல் வரவு கேட்பது சரியான திசை. ஆனால் தமிழ்நாட்டில் அதை முடித்து வருபவர் ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற 150 மதிப்பெண் வினாத்தாளையும் தாண்ட வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் சேவைக்காலம் எஞ்சியுள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் அத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, இருபது ஆண்டு கற்பித்தவர்கள் மீண்டும் கேள்வித்தாளின் முன் நிற்க நேர்ந்தது. இங்கிலாந்தில் பயிற்சிக் காலத்தில் குறைந்தது 120 நாட்கள் பாடசாலைகளில் இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் தகுதி நிலை வகுப்பறையில் காட்டிய நியமங்களை வைத்து வழங்கப்படுகிறது, அதற்குத் தரவரிசை இல்லை. பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தே பயிற்சிப் பாடசாலைகள் இயங்குகின்றன. அங்கே உள்ள ஆசிரியர்களின் தொழிலில் ஒரு பகுதியே புதியவர்களைப் பார்த்து வழிநடத்துவது. நமக்கும் இது புதிதல்ல. கலாசாலைகளோடு சேர்ந்த சாதனா பாடசாலைகளில், கற்பித்தலைப் பார்ப்பதும் பேசுவதும் மறுநாள் திருத்திச் செய்வதும் ஒரே வளவுக்குள் நடந்த காலம் ஒன்று இருந்தது.

அந்த வளவுகளில் சில போரோடு போயின. 1990 இல் பலாலிப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பலாலி ஆசிரியர் கலாசாலையும் தன் இடத்தை இழந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த ஆண்டுகளிலும் பரீட்சை வினாத்தாள்கள் எப்படியோ குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தன. விடைத்தாளைக் கப்பலில் ஏற்றி அனுப்பலாம். கற்பித்தலைப் பார்க்க ஓர் ஆள் நேரில் வர வேண்டும். வரவோ வழி இல்லை. போருக்குப் பின் கொரோனாக் காலத்தில் கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியின் கட்டடங்கள் சிகிச்சை நிலையமாயின. வதிவிடப் பயிற்சி குலைந்தது. விரிவுரை திரைக்குள் போனது. நெருக்கடி வரும்போதெல்லாம் தாளும் வினாவும் தப்பிக்கொள்ள, முதலில் பலியாவது கற்பித்தற் பயிற்சிதான்.

இப்போது கல்வியியற் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிலைக்கு உயர்த்துவது பற்றிய பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். டிப்ளோமாதாரி என்பதால் பட்டதாரிக்குக் கீழே வாழ்நாள் முழுவதும் நிற்கும் ஆரம்பப்பிரிவு ஆசிரியரின் மனக்குறை நியாயமானது. ஆனால் பட்டம் வரும்போது திறமைச் சித்தி எண்ணிக்கையும் தரப்புள்ளிச் சராசரியும் வகுப்புநிலையும் கூடவே வரும். கோட்பாட்டுப் பாடங்கள் பெருகும். அவற்றுக்கு இடம் கொடுக்கக் கட்டுறு பயிற்சி ஆண்டைச் சுருக்குவதுதான் எளிதான வழியாகத் தோன்றும். அது நடந்தால் பட்டம் பெற்ற, பழக்கம் பெறாத ஆசிரியர்களையே நாம் பெறுவோம். பட்டநெறியின் நான்கு ஆண்டுகளில் ஓர் ஆண்டு முழுதாகப் பாடசாலைக்கு உரியது என்பதை விதியில் எழுதிவைத்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும்.

பட்டம் வருமுன்னரே செய்யக்கூடியவை இரண்டு. கற்பித்தலில் தனியான சித்தி கட்டாயம் என்பதைத் தேசிய கல்வி நிறுவகம் விட்டுக்கொடுக்காமல் நடைமுறைப்படுத்த வேண்டும். தவறியவருக்கு எழுத்துப் பரீட்சையை மீண்டும் எழுதச் சொல்லாமல் இன்னொரு தவணை நல்ல வழிகாட்டி ஆசிரியரின் கீழ் வேலை கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுப் படிவத்தில் 'பிள்ளையின் பிழையை ஆசிரியர் எப்படி அணுகினார்' என்று ஒரு கட்டமும், அதற்குத் தக்க நிறையும் வேண்டும். கலாசாலைக்கு வரும் பழைய தொண்டர் ஆசிரியர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளை நேரில் பார்த்து மதிப்பிட்டு, நன்றாகக் கற்பிப்பவருக்கு அதற்குரிய புள்ளியைக் கொடுப்பது நீதி. அந்த ஆண்டுகளில் பிழையாகப் பழகியவரைத் திருத்தாமல் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

கட்டுறு பயிற்சிக்கு ஆசிரிய மாணவரை ஏற்றுக்கொள்ளும் அதிபர்களிடமும் வழிகாட்டி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வந்தவரை வெற்றிட வகுப்புக்கு அனுப்பி, பதிலாசிரியராக ஓட்டிவிட்டு, ஆண்டு முடிவில் ஒரே இருப்பில் படிவத்தை நிரப்பாதீர்கள். தவணைக்கு இரண்டு தடவையாவது அவரது வகுப்பில் முழுப் பாடவேளையும் இருங்கள். பார்த்ததைத் திகதியிட்டு எழுதுங்கள். எழுதியதை அவருக்குக் காட்டுங்கள். அவர் கற்பிக்க இன்னும் தயாரில்லை என்று தெரிந்தால், இரக்கப்பட்டுச் சித்தி போடாமல், அதை அவரது முகத்துக்கும் கல்லூரிக்கும் நேராகச் சொல்லுங்கள்.